சூடு ஆறினால் எரியும்

அன்புள்ள மார்னிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாயும் சுகமாக இருக்கிறோம், நீயும் கல்லூரி இருக்கிற அந்தக் கான்சஸ் காற்றில் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் வலது முழங்கால் மட்டும் சுகமாக இல்லை, அதைத்தான் நீ முதலில் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன், நீ வைத்துவிட்டாய். வைத்தது நான்தான் என்று அம்மா சொல்கிறாள். யார் வைத்தால் என்ன, பேச்சு முடியவில்லை. போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே வருவாய், கடிதத்தில் உன்னால் வர முடியாது, அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேனுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதுவதால் என்று புரிந்துகொள்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. நிறுத்தமாட்டேன். முப்பத்தேழு வயதாகிவிட்டது, முழங்காலில் கத்தி வைத்தாகிவிட்டது, கிளப்பும் போய்விட்டது, ஊரே சிரிக்கிறது, போதும் அப்பா என்று நீ சொன்னாய். நீ சொன்னதில் எதுவும் பொய்யில்லை, ஆனால் அதற்குப் பிறகு வரும் 'போதும்' மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வீடியோவை உன் அணிப் பெண்கள் டிரஸ்ஸிங் ரூமில் கைமாற்றிச் சிரித்தார்கள் என்றும், சேறு அப்பிய நிக்கரோடு மின்பெட்டிக்குள் தலையை விட்டுப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற அந்த ஆள் என் அப்பா என்று உன்னால் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னாய். சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் ஒரு ஃபியூஸுக்காகக் கிளப்பைத் தொலைத்த ஆள் என்று நீயும் சேர்ந்து சொன்னாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அது ஃபியூஸ் இல்லை. நடந்தது என்ன என்று வீடியோ எடுத்தவனுக்கும் தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது, அதை உனக்காவது சரியாகச் சொல்லிவிடவேண்டும்.

என் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான். நீ பிறந்தபோது எனக்குப் பதினெட்டு. பதினாறில் சேர்த்துக்கொண்ட கால்பந்துக் கிளப் இருபதில் வெளியே விட்டது, அதற்குப் பிறகு நான் ஆடிய கிளப்புகளின் பெயர்களை நீ சின்ன வயதில் ரயில் நிலையங்களின் பெயர்கள் மாதிரி ஒப்பிப்பாய். சில இடங்களில் சம்பளத்துக்கு, சில இடங்களில் அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுத்த சட்டி மாதிரி மூன்று மாதம், இரண்டு மாதம் என்று ஆடிவிட்டு வருவேன். லீகின் நாலாவது அடுக்கில் தொடங்கி ஐந்து, ஆறு என்று இறங்கிக்கொண்டே வந்தேன், நடுவில் ஒரே ஒரு வருடம் ஏறினேன். நடுக்களத்தில் என் வேலைக்கு யாரும் கைதட்டியதில்லை. எதிரி காலிலிருந்து பந்தைப் பிடுங்குவேன், என்னைவிடத் திறமையானவன் பக்கத்தில் எங்கே இருக்கிறான் என்று பார்த்து அவனிடம் தள்ளிவிடுவேன், மறுபடி ஓடுவேன். வார நாளில் எலக்ட்ரீஷியன், சனிக்கிழமை இந்த வேலை. இரண்டிலும் ஒழுங்காகச் செய்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள், தவறினால் எல்லோரும் கவனிப்பார்கள், எனக்கு அது பிடித்தும் இருந்தது.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் என்னைத் தொடவில்லை என்பதும் உனக்கு நினைவிருக்கும். ரஸ் ஹெய்வுட் ஒருத்தர்தான் கூப்பிட்டார். அவர் கெல்பரி டவுனுக்கு மேனேஜராக வந்த முதல் வாரம் அது, மருத்துவ அறிக்கையைக்கூடக் கேட்கவில்லை. மாடிப்படி ஏற முடியுமா என்றார், முடியும் என்றேன், இறங்க முடியுமா என்றார், அதற்குக் கொஞ்சம் யோசித்தேன், சரி வா, நம்ம மைதானத்தில் மாடி கிடையாது என்றார். மூன்று பருவம் அவருக்குக் கீழே ஆடினேன். இந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு எதுவும் கைகூடவில்லை. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். சேர்மன் கிளைவ் நல்ல மனுஷன்தான், குளியலறைச் சாமான் கடையில் உழைத்த காசைத்தான் கிளப்பில் கொட்டுகிறார், ஆனால் தோல்வி அவருக்கு அஜீரணம் மாதிரி, யாரையாவது பார்த்து ஏப்பம் விட்டால்தான் தீரும். வெஸ்ட்பியோடு ஆட்டம் சனிக்கிழமை, வியாழக்கிழமை பயிற்சி முடிந்து ரஸ்ஸும் நானும் வழக்கம்போல ஒரே காரில் திரும்பினோம், எங்கள் தெரு முனையில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார். "சனிக்கிழம தோத்தா நான் கிளம்புறேன். கிளைவ் நேராவே சொல்லிட்டாரு. நான் போனா அடுத்து வர்றவன் முதல்ல உன் பேரத்தான்டா அடிப்பான், கிழட்டுப் பயலே. அதனால ரெண்டு பேருக்கும் சேர்த்து ஓடு." ஆக, அந்த ஆட்டத்தில் அவர் வேலையும் என் இடமும் ஒரே முடிச்சில் கிடந்தன. இது எனக்கு முன்கூட்டியே தெரியும், பிற்பாடு தெரிந்து நான் வருத்தப்படவில்லை, இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. பந்து சேற்றில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். இடைவேளைக்கு முன் ஒன்று வாங்கினோம், இடைவேளை முடிந்து இரண்டாவதும் வாங்கினோம், அது எங்கள் ஆளின் தோளில் பட்டே உள்ளே போனது. ஜனவரி மாதம், நாலு மணிக்கே இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாகத் தெரிந்துகொண்டிருந்தது, ஆட்டத்தில் இன்னும் அரை மணி இருக்கும்போது நாலு விளக்குக் கோபுரமும் ஒரே நொடியில் அணைந்தது. மைதானமே கிணறு மாதிரி ஆகிவிட்டது. வெஸ்ட்பிக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள், கரண்ட் மீட்டர்ல காசு போடுங்கடா என்று பாட ஆரம்பித்தார்கள், எங்கள் ஆட்களே பாதிப் பேர் சிரித்தார்கள். நடுவர் எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார். இளம்பெண், கறாரான நடுவர், அன்றைக்கு எனக்கு ஒரு மஞ்சள் அட்டையும் காட்டியிருந்தார், அது நியாயமான அட்டை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஆட்டம் இப்படிப் பாதியில் நின்றுபோனால் எங்கள் லீகில் அது கணக்கில் வராது. இன்னொரு நாள் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆடவேண்டும். இரண்டு கோல் வாங்கிக்கொண்டு தோற்றுக்கொண்டிருக்கிறவனுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. பிப்ரவரியில் ஆடினால் காயம்பட்ட இரண்டு பேர் திரும்பிவிடுவார்கள், தரை காய்ந்திருக்கும், ரஸ்ஸின் வேலையும் அதுவரை தப்பும். டிரஸ்ஸிங் ரூமுக்குள் போகிற வழியில் எங்கள் பயல்கள் ஒருத்தன் முதுகை ஒருத்தன் தட்டிக்கொண்டார்கள். நான் உள்ளே போகவில்லை. கால் தானாக டீக்கடைக்குப் பின்னால் இருக்கிற மின்பெட்டி அறைக்குப் போய்விட்டது. தொழில் புத்தி, விளக்கு அணைந்தால் என்னால் சும்மா நிற்க முடியாது, உன் பிறந்தநாள் விருந்தில் நான் அடுத்த வீட்டுக்காரன் போர்டைத் திறந்ததற்கு அம்மா இன்னும் பேசுகிறாள். மைதானக்காவலர் வின்ஸ் டார்ச்சோடு ஏற்கனவே அங்கே நின்று, திறந்த பெட்டியைப் பாம்புப் புற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது என்ன கோளாறு என்று பெட்டியைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரியும். கார் நிறுத்துகிற மூலையில் இருக்கிற கோபுரத்தின் அடியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அதன் மூடி சரியாக உட்காரவில்லை, தண்ணீர் இறங்கும் என்று கோடையிலேயே சொல்லியிருந்தேன். தண்ணீர் இறங்கியது, கரண்ட் தரைக்குக் கசிந்தது, கசிவைக் கண்ட பிரேக்கர் தன் வேலையைச் செய்து மொத்தத்தையும் வெட்டிவிட்டது. இதில் எரிந்துபோக ஃபியூஸே கிடையாது. அந்த ஒரு கோபுரத்தை மட்டும் கழற்றிவிட்டால் மற்ற மூன்றும் தாராளமாக எரியும். நான் தலையை உள்ளே விட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், வீடியோ எடுத்தவன் அப்போதுதான் கதவிடுக்கில் எடுத்திருக்கிறான். அவன் போன பிறகு கிளைவ் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, சிரித்த முகமாக, ரொம்ப அக்கறையோடு பேசினார். ஈரத்தில் கரண்ட் வேலை, அவசரப்பட்டால் ஆபத்து, முழுதாகப் பரிசோதிக்காமல் எதையும் போடவேண்டாம், உனக்கு ஏதாவது ஆனால் நான் உன் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வேன் என்றார். நிதானமாகப் பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகாதா என்றும் கேட்டார். ஆகாது, முடிந்துவிட்டது என்றேன். அவர் போனதும் வின்ஸ் என் காதருகில் குனிந்து, "அவரு என்ன சொல்றாருன்னு புரியுதாடா உனக்கு?" என்றார். புரிகிறது, டார்ச்சை நேராகப் பிடியுங்கள் என்றேன்.

மெயினைத் தூக்கினேன். பிரேக்கர் நின்றது, விழவில்லை. ஆனால் வெளியே ஒரு விளக்கும் எரியவில்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது, மார்னி, மெதுவாகப் படி. எங்கள் மைதானத்தில் இருக்கிறவை பழைய விளக்குகள். ஒரு தடவை அணைந்தால் உள்ளே சூடு ஆறுகிறவரைக்கும் மறுபடி பற்றாது. கரண்ட் போய்க்கொண்டிருக்கும், விளக்கு செத்த மாதிரி கிடக்கும், கொஞ்ச நேரம் பொறுத்தால் தானே எழுந்துகொள்ளும். இது தெரியாதவனுக்கு, சுவிட்சைப் போட்டாச்சு, எரியவில்லை, ஆகவே கோளாறு தீரவில்லை, அவ்வளவுதான். அந்த மைதானத்தில் அந்த நேரத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான். நடுவர் நனைந்துபோய் வந்து நின்றார், பின்னாலேயே வெஸ்ட்பி மேனேஜர், அவருக்குப் பின்னால் ரஸ். வெஸ்ட்பிக்காரர் தன் பையன்கள் ஈரத்தில் விறைக்கிறார்கள், மூன்று மணி நேரப் பஸ் பயணம் இருக்கிறது என்று புலம்பினார், ஜெயித்துக்கொண்டிருக்கிற அவரும் போய்விடலாம் என்கிற மனநிலைக்கு வந்துவிட்டிருந்தார். நடுவர் இருண்டு கிடந்த கோபுரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க இந்தத் தொழில்தானே? சுவிட்ச் போட்டுட்டீங்க, எரியல. இன்னிக்கு எரியுமா, எரியாதா? எரியாதுன்னா நான் இப்பவே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றார்.

ரஸ் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கண்ணடிக்கவில்லை, தலையசைக்கவில்லை. வெறுமனே பார்த்தார். நான் தெரியலைங்க என்று சொல்லியிருந்தால் போதும். பொய் என்று யாரும் என்னைப் பிடித்திருக்க முடியாது. தோளைக் குலுக்கியிருந்தால்கூடப் போதும்.

"எரியும். சூடு ஆறணும், பத்து நிமிஷம் பொறுங்க" என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றுதான் நீ போனில் திருப்பித் திருப்பிக் கேட்டாய். நான் யோக்கியன் என்பதால் என்று நினைத்துவிடாதே, நான் நடுவர் பார்க்காத பக்கம் எதிரியின் சட்டையைப் பிடித்து இழுத்து இருபது வருடம் பிழைத்தவன். முதல் காரணம், எரியும் என்பது எனக்குத் தெரியும். தொழில் தெரிந்தவனிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல என் வாய்க்கு வராது, அதை நல்ல குணம் என்று சொல், வீண் கர்வம் என்று சொல், எதுவானாலும் எனக்குச் சம்மதம். இரண்டாவது காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. எனக்கு அந்த அரை மணி நேரம் வேண்டியிருந்தது. ரஸ்ஸுக்குப் பிப்ரவரியில் இன்னொரு ஆட்டம் கிடைக்கும், கிளைவுக்கு அடுத்த வருடம் இன்னொரு அணி கிடைக்கும். என் காலில் இன்னும் எத்தனை அரை மணி நேரம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அதில் ஒன்றை இருட்டில் போடச் சொன்னால் நான் போடமாட்டேன். இரண்டு கோலைத் திருப்பிவிடலாம் என்றும் நிஜமாகவே நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், அன்றைக்கு அவர்கள் களைத்துவிட்டிருந்தார்கள்.

விளக்குகள் எரிந்தன. முதலில் ஊதாவாக, பிறகு மஞ்சளாக, பிறகு வெள்ளையாக ஒவ்வொன்றாய் எழுந்தன. வெஸ்ட்பிக்காரர்கள் கைதட்டினார்கள், எங்கள் டிரஸ்ஸிங் ரூமில் யாரும் தட்டவில்லை. இரண்டு காப்டன்களும் சம்மதித்து, ஒரு மூலை மட்டும் இருட்டாக மீதி ஆட்டத்தைத் தொடங்கினோம். மார்னி, நான் வருடக்கணக்காக அப்படி ஓடியதில்லை. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நடுவில் ஒரு பந்தைப் பிடுங்கி வலது பக்கம் தள்ளினேன், அங்கிருந்து வந்த க்ராஸை எங்கள் பையன் தலையால் முட்டிப் போட்டான், ஒன்றுக்கு இரண்டு. அதற்குப் பிறகு அவர்கள் பாதியிலேயேதான் ஆட்டம் நடந்தது. கடைசி நிமிடத்தில் பந்து சேற்றில் தட்டி என் காலுக்கே வந்தது, பெனால்டி பெட்டியின் விளிம்பு, எதிரே பாதி கோல் திறந்திருந்தது. அடித்தேன். நல்ல அடி. தரையில் வழுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்த அவர்கள் தடுப்பாளன் ஒருத்தனின் பின்புறத்தில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. அவனுக்கே தெரியாது தான் காப்பாற்றியது. அவ்வளவுதான், தோற்றோம்.

டிரஸ்ஸிங் ரூமில் ரஸ் யாரையும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் குளித்துவிட்டுப் போகும்வரை காத்திருந்தார். நான் ஷூ கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தேன், முழங்கால் மடங்கவில்லை. அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை. தெரியலைன்னு ஒரே ஒரு வார்த்தை. அது உன் வாயில வரலியாடா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியுமே" என்றேன். அவர் தன் காரில் போய்விட்டார், நான் வின்ஸின் வண்டியில் வந்தேன். ஞாயிறு மதியம் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை புது மேனேஜர் வந்தார், என்னைவிட இரண்டு வயது சின்னவர், கையில் கம்ப்யூட்டர் பலகை, மரியாதையாகத்தான் பேசினார், நடுக்களத்தில் கால் வேகம் வேண்டும் என்றார். அந்த வாரமே இரண்டு பக்கமும் சம்மதித்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டேன். ரஸ் சொன்னபடியே நடந்தது. உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது சரி. நீ ஒரு முட்டாள். ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல" என்றாள். அன்றிரவு எனக்கு முதலில் பரிமாறினாள் என்பதையும் சொல்லவேண்டும்.

ரஸ்ஸின் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவர் மனைவி ஷீலா கதவைத் திறந்து, அவர் குளிக்கிறார் என்றாள், உள்ளே அவர் டிவியைப் பார்த்து இருமுவது கேட்டது. இரண்டாவது தடவை, குளிக்கிறார் என்றுகூடச் சொல்லவில்லை, "விட்டுடு டீன், இப்ப வேணாம்" என்றாள். மன்னிப்புக் கேட்கப் போனாயா என்று நீ கேட்பாய். இல்லை. செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை, அதனால் அவருக்கு நேர்ந்ததற்குத்தான் வருத்தம், இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன், வாசலிலேயே திரும்பி வந்தேன். ஐந்து வாரம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இதற்கு மேல் ஒருத்தர் வாசலில் போய் நிற்க எனக்குப் பொறுமையும் இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், எனக்குத் தெரிந்த மேனேஜர் ஒவ்வொருத்தராகப் போன் போட்டேன். ஏஜென்ட் யாரும் இல்லை, நானே என்னை விற்றேன். பாதிப் பேர் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். ஒருத்தர், எங்க சமையலறையில ஒரு பிளக் வேலை செய்யல, அதுக்கு வேணா வா என்றார். இன்னொருத்தர், உன்ன எடுத்தா நாங்க தோத்துக்கிட்டிருக்கும்போது விளக்கு அணையாதுன்னு என்ன நிச்சயம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் பாட்டுக்கு அரை மணி நேரம் தன் முதுகுவலியைச் சொன்னார். ப்ராட்டன்மூர் வெல்ஃபேர் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. எட்டாவது அடுக்கு, மலை மேலே, பழைய சுரங்கக்காரர்களின் மைதானம், ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்குப் பந்து தானாக உருளும் சரிவு. சனிக்கிழம வா, காலுறைக்கு உள்ள வைக்கிற தட்டி உன்னோடது கொண்டுவா, எங்ககிட்ட எல்லாருக்கும் போதாது என்றார். போனேன். நான் ஆடிய கிளப்புகளின் பெயர்களில் இதையும் சேர்த்துக்கொள்.

போன சனிக்கிழமை அங்கே முதல் ஆட்டம். முதல் பாதி சரிவில் இறங்கி ஆடினோம், ஒரு கோல் போட்டோம், நான் பெரிய ஆள் மாதிரி நடுவில் நின்று எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதி மலை ஏறவேண்டும். காற்று எதிரே. முழங்கால் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி வீங்கிவிட்டது. எதிரணியில் உன் வயதுப் பையன்கள், என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கட்டத்தில், உன்னிடம் பொய் சொல்லக்கூடாது, நீ மறுநாள் போனில் சொன்ன அதே 'போதும்' எனக்கும் தோன்றிவிட்டது. பந்து என் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனது, த்ரோ எங்களுக்கு, நான் எடுக்கப் போனேன், போகும்போதே பெஞ்சைப் பார்த்துக் கையைத் தூக்கி என்னை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் குடையும் தொப்பியுமாகப் பத்திருபது பேர். பந்தை எடுத்து ஒரு ஆள் நீட்டினார். ரஸ்.

நான் வாங்காமல் நின்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப மெதுவாக, பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்காதபடி பேசினார். "பெஞ்சப் பாக்காத. கைய தூக்கி வெளிய வரப் போற, அதானே? என் வேலைய காவு குடுத்து அரை மணி நேரம் வாங்கினவன்டா நீ. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. ஆடு." நீங்க எப்ப வந்தீங்க என்று கேட்டேன், அவ்வளவுதான் என் வாயில் வந்தது. "பந்தப் போடுடா, எல்லாரும் நிக்கிறாங்க" என்றார்.

போட்டேன். ஆடினேன். முடியும்வரை ஆடினேன். நன்றாக ஆடினேன் என்று சொல்லமாட்டேன், நொண்டிக்கொண்டு சரியான இடத்தில் நின்றேன், வந்ததைத் தடுத்தேன், பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்தேன். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் கோட்டோடு கோடாக நடந்துகொண்டே இருந்தார், நான் எங்கே தப்பாக நின்றாலும் பெயர் சொல்லித் திட்டு வந்தது, ப்ராட்டன்மூர் மேனேஜரே திரும்பிப் பார்த்து யாருய்யா அது என்று கேட்டார். முடிந்து நான் வெளியே வந்தபோது கார் நிறுத்துகிற இடத்தில் அவர் வண்டி இல்லை. மன்னித்தாரா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அவருக்கு இன்னும் வேறு கிளப் கிடைக்கவில்லை, சாப்பாட்டு மேசையில் அது என்ன கனம் கனக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவருக்குச் செய்தது சரியாகிவிட்டது என்றும் நினைக்கவில்லை. ஆனால் மழையில் அந்த மலைக்கு நாற்பது மைல் ஓட்டி வந்து என்னைத் திட்டினார். நான் வாங்கிய அந்த அரை மணி நேரத்துக்கு யார் விலை கொடுத்தாரோ அவரே ஆடு என்று சொல்லிவிட்டார். இனி நீ, நான், டாக்டர் யார் சொன்னாலும், கை தூக்கி வெளியே வர எனக்கு உரிமை கிடையாது. கால் நின்றால் நிற்கும், நான் நிறுத்தமாட்டேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன், நாலு வரிதான். உன் கோச் நடுக்களத்திலிருந்து எடுத்து வலது ஓரத் தடுப்பில் ஆடச் சொன்னால் முகத்தைத் தூக்காமல் ஆடு. நான் ஒரு முழுப் பருவம் இடது ஓரத்தில் ஆடியிருக்கிறேன், என் இடது கால் கிளட்ச் மிதிக்கத்தான் லாயக்கு, ஆனாலும் ஆடினேன். ஓரத்திலிருந்து பார்த்தால் நடுவில் நிற்பவர்கள் செய்கிற தப்பெல்லாம் தெரியும், திரும்பி நடுவுக்குப் போகும்போது உதவும். பெஞ்சில் உட்காரவைத்தால் உட்கார்ந்து போன் பார்க்காதே, ஆட்டத்தைப் பார். அந்தப் பெண்கள் மறுபடி வீடியோவைக் காட்டினால், பழைய விளக்கு சூடு ஆறாமல் பற்றாது என்று சொல்லிப் பார், ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறதா பார்க்கலாம். கணுக்காலுக்குப் பட்டி கட்டாமல் பயிற்சிக்குப் போகாதே. பரீட்சைகளையும் விடாதே, ஆட்டம் ஒரு கையில் என்றால் தொழில் இன்னொரு கையில் இருக்கவேண்டும், எனக்கு இரண்டும் இருந்ததால்தான் எந்தக் கிளப் வெளியே விட்டபோதும் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மா உனக்குக் கம்பளிக் காலுறைகள் அனுப்பியிருக்கிறாள், கிடைத்ததும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல், எனக்கு வேண்டாம், அவளுக்கு.

நீ நல்ல உடம்போடும் நல்ல மூச்சோடும் நீண்ட நாள் ஓடவேண்டும், விழுந்தால் எழுந்திருக்கத் தெரிந்தவளாக இருக்கவேண்டும், அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் வேண்டிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, கத்துவதானாலும் சரி, இந்தத் தடவை யாரும் பாதியில் வைக்கவேண்டாம். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வெளியூர் ஆட்டம். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று நேற்று ஷீலா அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாளாம், யார் கேட்கச் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அன்புடன்,
உன் அப்பா
டீன் ராத்வெல்,
ப்ராட்டன்மூர் வெல்ஃபேர், நடுக்களம்